ஆளில்லாத தோட்டம்

மாமா வரைந்த படங்களில் ஒன்றைக்கூட என் வீட்டுச் சுவரில் மாட்ட மாட்டேன். கேட்பவர்களிடம் சுவரில் ஆணி இறங்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் ஆத்திரம்தான்.

மாமா அம்மாவின் அண்ணன். அச்சுவேலிப் பக்கத்துச் செம்மண்ணை வரைந்தே பெயர் எடுத்தவர். அவர் கண்மூடிய பிறகு, அவர் வரைந்த இடங்களை நடந்து பார்க்கவென்று தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை அந்தக் கூட்டம் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கே வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று பங்குக் கிணற்றில் எங்கள் முறை. மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மிசின் இறைக்க, அம்மா மண்வெட்டியால் வரம்பை வெட்டியும் அடைத்தும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி மாமாவின் படமொன்றின் பிரதியைத் தூக்கிப் பிடித்தார். இதே தோட்டம், இதே வாய்க்கால். ஆள் மட்டும் இல்லை. இந்த மண்ணின் தனிமையைக் கலைஞர் கண்டுகொண்டார் என்று அவர் அளந்துவிட, கூட்டம் தலையாட்டியது. தனிமையாம்!

அம்மா நிமிர்ந்தார். "நான் அண்டைக்கும் இதிலைதான் தண்ணி மாறிக்கொண்டு நிண்டனான். படம் கெடும், விலகடி எண்டு அண்ணைதான் கலைச்சவர்."

சிலர் சிரித்தார்கள். வழிகாட்டியும் சிரித்தபடி, "சரியம்மா, இப்பவும் ஒருக்கா விலகுங்கோ. படத்திலை இருக்கிற மாதிரியே ஃபோட்டோ எடுக்கவேணும்" என்றார்.

"ஏலாது. தண்ணி உடைக்கும்."

வழிகாட்டி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். வெட்கத்தில் முகம் எரிய, ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னோடு வந்து வேலியோரம் நின்றார். அவர்கள் அவசரமே இல்லாமல் ஆறுதலாகப் படம் எடுத்தார்கள். அதற்குள் தண்ணீர் வரம்பை உடைத்து, முளைவிட்ட வெங்காயத்தை அள்ளிக்கொண்டு போனது.

அன்று முழுவதும் அம்மா என்னோடு கதைக்கவில்லை. வெங்காயம் போன கோபம் என்றுதான் நினைத்தேன், மடைச்சி. பின்னேரம் சேற்றில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி நட்டு, தீபாவளிச் சட்டையையும் பாழாக்கிக்கொண்டு, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் ஓடினேன்.

"எல்லாத்தையும் திரும்ப நட்டுட்டன் அம்மா."

"ஓம்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.