ரென்லோ மணிகள் நின்ற பகல்

எர்னி மாமாவைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ரென்லோ பிரபுக்களின் குடும்ப வரலாற்றைச் சின்னக் கையேடாக எழுதித் தரத்தான் கேட்டார்கள். பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விற்பதற்காம். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்ததும் வரலாறுதான். ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் பிரபுக்கள் நகர்ந்துபோய் மாமாதான் முன்னால் வந்து நின்றார்.

எர்னி பிரீஸ் என் அம்மாவின் அண்ணன். ரென்லோ பண்ணையின் மர அறுவை ஆலையில் பையனாகச் சேர்ந்து, அது மூடப்பட்ட நாள்வரை அங்கேயே வேலை பார்த்தவர். குடியிருக்கும் வீடு பண்ணையுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சின் மணிக்கூண்டில் ஏறி, மற்ற ஐந்து பேரோடு ஆறு மணிகளையும் இழுத்து அடிப்பார். மணியடிப்பவர்களுக்கு அவர்தான் தலைவர். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று அவர் குரல் கொடுத்தால்தான் உண்டு.

ரென்லோ பட்டத்தின் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதல் ரென்லோ, தோற்று ஓடிவந்த ஒரு ராஜாவை லாயத்தில் ஒளித்துவைத்தவன். நாடு திரும்பக் கைக்கு வந்ததும் ராஜா அவனைப் பிரபு ஆக்கினார். "வைக்கோலுக்கு வாடகை" என்பார்கள் மதுக்கடையில். பட்டயத்தில் ஒரே ஒரு நிபந்தனை: அவன் வழியில் முறையாகப் பிறந்த ஆணுக்கு மட்டுமே பட்டம். வீடும் நிலமும் பட்டத்தோடு போகும் என்று பின்னால் வந்தவர்கள் கட்டிவைத்தார்கள்.

அதனால்தான் அந்த வழக்கமும். பெரிய வீட்டில் வாரிசு பிறந்தால் கூரைமேல் கொடி ஏறும். மணிக்கூண்டு ஜன்னலிலிருந்து அது தெரியும். கொடியைப் பார்த்ததும் ஆறு மணிகளும் அரைமணி நேரம் ஒலிக்க வேண்டும். பெண் பிறந்தால் கொடியும் இல்லை, மணியும் இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருப்பதுபோல அது பாட்டுக்கு இருந்தது.

லேடி ரென்லோவுக்கு முதல் மூன்றும் பெண்கள். நான்காவது பிரசவம் 1958 வசந்தத்தில். அப்போது தலைவராக இருந்த கிழவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால், இருபத்துச் சொச்சம் வயது எர்னி அந்த வாரம் அவர் இடத்தில் நின்றார். காலையிலிருந்து ஆறு பேரும் கூண்டிலேயே காத்திருந்தார்கள். பகலில் கொடி ஏறியது.

உண்மையில் ஏறியது கொடிக்கயிற்றைச் சோதிப்பதற்கு. அப்போதைய பிரபு பிறந்தபோது கட்டிய கயிறு அது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. வேளை வரும்போது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று வீட்டு வேலையாள் ஒருவர் ஏற்றிப் பார்த்திருக்கிறார். ஏற்றியது சிக்கிக்கொண்டது, இறங்கவில்லை. அதே நேரத்தில் கீழே குழந்தையும் பிறந்தது.

எர்னி குரல் கொடுத்தார். மணிகள் ஒலித்தன. ஊரே தெருவுக்கு வந்தது. மணி நன்றாகச் சூடு பிடித்து உருண்டுகொண்டிருக்கும்போது பண்ணை நிர்வாகி மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"நிறுத்துடா முட்டாள்! பொண்ணுடா! பொண்ணு!"

எர்னி "நில்" என்றார். ஆறு மணிகளும் நின்றன.

அடித்தது தவறு என்று மாமா ஒருநாளும் வருந்தியதில்லை. கொடி ஏறியிருந்தது, அடித்தார். நிறுத்தியதுதான். படுக்கையறை ஜன்னல் திறந்திருந்ததாம். மணிச்சத்தம் கேட்டதும் லேடி ரென்லோ குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு சிரித்தாராம். பெண்ணுக்கும் அடிக்கச் சொல்லிவிட்டார் தன் கணவர் என்று நினைத்திருக்கிறார். மணி நின்றதும் குழந்தையைச் செவிலியிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், அன்றைக்கு முழுதும் அதைக் கையில் வாங்கவில்லை. அறையில் இருந்த பணிப்பெண் சொல்லித்தான் மாமாவுக்கு இது தெரியும். நான்கு வருடத்தில் அந்தம்மா இறந்துபோனார்.

"இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சிருந்தா யாருக்கு என்ன போயிருக்கும்?" என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறார். அம்மா ஒவ்வொரு முறையும், "வீடு போயிருக்கும். நிர்வாகி அன்னிக்கே உன்னை வெளிய அனுப்பியிருப்பான்" என்பாள். அது உண்மைதான். அதனால்தான் மாமாவுக்கு அது ஆறுதலாக இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்தக் குழந்தைதான் மிஸ் லெட்டிஸ். அக்காமார்கள் கல்யாணமாகிப் போய்விட, அவர்தான் அப்பாவோடு இருந்து பண்ணையை நடத்தினார். எந்த வயலில் தண்ணீர் தேங்கும், எந்த வாடகைக்காரனுக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். அப்பா இறந்ததும் பட்டமும் வீடும் நிலமும் கனடாவிலிருந்த தூரத்து உறவு ஒருவருக்குப் போயின. டேரில் என்று பெயர். அங்கே விவசாய இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தவர். மிஸ் லெட்டிஸ் இரண்டு நாய்களோடு, சர்ச்சை ஒட்டிப் பண்ணை வாசலில் இருந்த சின்ன வாசல்வீட்டுக்குக் குடிபோனார். சாவிக்கொத்தை டேரிலிடம் கொடுக்கும்போது, "சமையலறைக் கதவை மட்டும் கொஞ்சம் தூக்கித் தள்ளணும்" என்று மட்டும்தான் சொன்னாராம்.

டேரில் மோசமான மனிதர் அல்ல. போன வருடம் அவர் மனைவி கர்ப்பமானபோது, மதுக்கடையில் மணியடிப்பவர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கே வந்து நின்றார்.

"மிஸ்டர் பிரீஸ், பையனாம்! ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. கொடி, மணி எல்லாம் பழையபடி செஞ்சிடலாமா?"

"செஞ்சிடலாம், பிரபு."

"ஐயோ, டேரில்னு கூப்பிடுங்க."

"சரிங்க பிரபு."

அவர் எல்லோருக்கும் ஆப்பிள் மது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தபால்காரி க்வென் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "டிராக்டர் பிரபுவுக்குக் கொடி வேணுமாம். அதைப் பூச்சி தின்னுருக்கும்."

"முந்நூறு வருஷமா பட்டத்தையே தின்னல, கொடியையா தின்னப்போவுது?" என்றான் குழாய் வேலை பார்க்கும் கிளைவ். "என்ன எர்னி, பேச்சையே காணோம்? இந்தத் தடவை ஸ்கேன் இருக்குப்பா, பயப்படாதே!"

மேசையே சிரித்தது. மாமா கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். நானும் வெளியே வந்தேன்.

"மிஸ் லெட்டிஸ் ஜன்னலுக்கு நேர் மேல நின்னு எப்படிம்மா அடிப்பேன்? அதுவும் இன்னொருத்தன் புள்ளைக்கு, அரைமணி நேரம் முழுசா?" என்றார். "போய்ச் சொல்லிடறேன். அவங்க மன்னிச்சேன்னு சொன்னாத்தான் கயித்தைத் தொடுவேன்."

"அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும் மாமா? ஊருக்கே தெரியுமே."

"தெரிஞ்சிருந்தா என்னை எர்னின்னு கூப்பிட்டு, நான் கொண்டுபோய்ப் போடற விறகுக்கு நன்றி சொல்லுவாங்களா? ப்ரொஃபசரம்மா, நீயே சொல்லு. மறைக்கிறது தப்புதானே?"

தப்புதான் என்றேன். நான் படித்ததெல்லாம் அதுதானே. மறைந்திருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும், வந்தால் நல்லது. யாருக்கு நல்லது என்று எந்த வகுப்பிலும் கேட்டதாக நினைவில்லை.

அடுத்த சனிக்கிழமை காரில் அழைத்துப் போனேன். நடந்தே போகலாம், ஆனால் அவர் தன்னிடம் இருந்த ஒரே ஒரு நல்ல கோட்டைப் போட்டிருந்தார், மழை வேறு. மிஸ் லெட்டிஸ் அப்பாவின் பழைய மேல்சட்டையோடு கதவைத் திறந்தார்.

"எர்னி! வாங்க, வாங்க. கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லைங்க மிஸ்."

"அப்பாடா. நாயைத் தள்ளிட்டு உக்காருங்க. அது எந்திரிக்காது, நீங்கதான் தள்ளணும்." என்னைப் பார்த்து, "எங்க குடும்பத்தைப் பத்தி எழுதறியாமே. ரொம்பப் பொய் சொல்லாதே. கொஞ்சம் சொல்லு" என்றார். தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

மாமா கோப்பையைத் தொடவில்லை. நின்றுகொண்டே சொன்னார். கொடி, கயிறு சிக்கியது, மணி அடித்தது, நிர்வாகி வந்தது, தான் நிறுத்தியது. அவ்வளவையும் ஒரே மூச்சில், மேசையைப் பார்த்தபடி.

மிஸ் லெட்டிஸ் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "நிறுத்தினீங்களா?" என்றார்.

"ஆமாங்க மிஸ்."

"எனக்கு மணி அடிச்சாங்கன்னு அப்பா சொல்வார். ஒவ்வொரு பிறந்தநாளும் சொல்வார். ரென்லோ வீட்டுல பொண்ணுக்கு அடிச்சது எனக்கு ஒருத்திக்குத்தான்னு. அம்மா அதைக் கேட்டு எப்படிச் சிரிச்சாங்கன்னு சொல்வார்."

"சிரிச்சாங்க மிஸ். அது நிஜம்."

"வீட்டை விட்டு வந்த அன்னிக்கு அதைத்தான் நினைச்சுக்கிட்டேன். போகட்டும், எனக்கு மணி அடிச்சிருக்கு, டேரிலுக்கு அடிக்கலையேன்னு." அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். நாய் என் காலடியில் படுத்திருந்தது.

"மன்னிச்சிடுங்க மிஸ். நீங்க வேண்டாம்னா டேரில் பிரபு பையனுக்கு நான் அடிக்கல. யாரையும் அடிக்க விடமாட்டேன்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். பெரிய வீட்டு மாடிப்படியில் தொங்கும் படங்களில் உள்ள முகம் அது. "அதெப்படி? வாரிசு பிறந்தா அடிக்கணும். அது எங்க குடும்ப வழக்கம். நீங்க யார் அதை நிறுத்த?"

"மிஸ்..."

"அன்னிக்கு நீங்க பண்ணதும் சரிதான். பொண்ணுக்கு அடிக்கிறதில்லை. தப்பா ஆரம்பிச்சீங்க, தெரிஞ்சதும் நிறுத்திட்டீங்க. இதுல மன்னிக்க என்ன இருக்கு?" கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். மாமாவின் கோப்பை நிறைந்தே இருந்தது. கதவுவரை வந்தவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "மணி நின்னதும் அம்மா என்ன பண்ணாங்க?"

மாமா தொப்பியைக் கையில் சுருட்டினார். "அது எனக்குத் தெரியாதுங்க மிஸ். நான் கூண்டுலதானே இருந்தேன்."

"ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்? வந்ததுக்கு நன்றி, மிஸ்டர் பிரீஸ்."

காரில் மாமா தொப்பியைப் பிரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். மறைப்பது தப்பு என்று சொன்னவள் நான்தான்.

ஜூனில் பையன் பிறந்தான். கொடி ஏறியது, பூச்சி தின்னவில்லை. மிஸ் லெட்டிஸ் சொன்னபடியே மாமா கூண்டில் ஏறினார். நான் சர்ச் முற்றத்தில் நின்றேன். மிஸ் லெட்டிஸ் தொப்பியும் கையுறையும் அணிந்து, டேரிலுக்குப் பக்கத்தில் நேராக நின்றார். எந்த மணிக்கு எவ்வளவு எடை என்று அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குடும்பத்தின் சார்பில் யாராவது நிற்க வேண்டும் அல்லவா. அரைமணி நேரம் முழுதும் ஒலித்தது. மாமா இறங்கி வந்ததும் மிஸ் லெட்டிஸ் எல்லோருக்கும் கை கொடுப்பதுபோல அவருக்கும் கை கொடுத்தார்.

"நல்லா அடிச்சீங்க, மிஸ்டர் பிரீஸ்."

வாசல்வீட்டுக்கு மாமா வழக்கமாக இறக்கிவைக்கும் விறகை இப்போதும் அவர் வாங்கிக்கொள்கிறார். முன்பெல்லாம் வேலியருகில் நின்று பேசுவார். இப்போது நன்றி எழுதிய அட்டை ஒன்று தபாலில் வருகிறது.

கையேட்டில் அந்த வழக்கத்துக்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறேன்: வாரிசு பிறந்தால் கொடி ஏறும், மணி ஒலிக்கும். 1958 அதில் இல்லை. விட்டது மிஸ் லெட்டிஸுக்காகவா, மாமாவுக்காகவா, இல்லை, "தப்புதான்" என்று மதுக்கடை வாசலில் நான் சொன்ன வார்த்தைக்காகவா என்று கேட்டுப் பார்க்கிறேன். பதில் நாளுக்கொன்றாக வருகிறது.

பையனுக்கு மணி அடித்த அன்று மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுட்டதைத் தட்டில் போட்டு முன்னால் வைத்தாள்.

"அன்னிக்குப் போனியே, மன்னிச்சாங்களா இல்லையா? நீ சொல்லவே இல்லையே."

"மன்னிக்கல. நான் பண்ணது சரின்னு சொல்லிட்டாங்க."

"அப்புறம் என்ன? நல்லதுதானே."

"பொண்ணுக்கு அடிக்கிறதில்லைன்னு அவங்க வாயாலயே சொல்ல வெச்சிட்டேன்டி."

அம்மா அவர் தோளில் கை வைத்தாள். "அந்தம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததையும் சொன்னியா?"

மாமா தலையாட்டினார், இல்லை என்று. முள்கரண்டியை எடுத்து, சூடு ஆறிப்போன சாப்பாட்டை ஒரு வாய் தின்றார். பிறகு இன்னொரு வாய்.