ஒரு மூக்குக்கண்ணாடியும் இரண்டு கையொப்பமும்

சேமிப்புக் கணக்கை மூட யாராவது வந்தால் எங்கள் வங்கி மனேஜருக்குப் பொறுக்காது. "எப்பிடியாவது கதைச்சு நிப்பாட்டும் ஐசே" என்று என்னைத்தான் தள்ளிவிடுவார். ஓய்வு பெறும்வரை மட்டக்களப்புக் கிளையில் எனக்கு இதே வில்லங்கம்.

அன்று வந்தவர்கள் கல்லடியில் ஒரே வளவில் இருக்கும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிச் சகோதரிகள். டொரின் அன்ரி கலியாணம் முடிக்கவில்லை. தங்கை எமில்டா அன்ரி விதவை. ஒருவருக்கு மற்றவர்தான் துணை. ஆனால் நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா போட்ட கேக்கைத் தங்கை தேவாலயப் பாதரிடம் "காய்ஞ்ச செங்கல்" என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அவர்களுடையது கூட்டுக் கணக்கு. இருவரும் என் முன்னால் ஒன்றாகக் கையொப்பமிட்டால்தான் மூடலாம். பிரிந்து போவதற்கும் சேர்ந்துதான் வரவேண்டும்! இந்தச் சட்டத்தை எழுதிய மனுசன் கூடப்பிறப்பு இல்லாதவனாக இருக்கவேண்டும்.

கதிரைகளை ஆளுக்கொரு பக்கம் திருப்பிப்போட்டு இருந்தார்கள்.

"மனே, அவ இருக்கிற பேங்கில நான் இருக்கமாட்டன். முன்னுக்கு இருக்கிற பேங்குக்குப் போறன் எண்டு சொல்லு" என்றார் டொரின் அன்ரி.

"நானும் அங்கதான் போறன் எண்டு அவக்குச் சொல்லு மனே. முதல்ல யோசிச்சது நான்!" என்றார் தங்கை.

கை நீட்டினால் தொடும் தூரம். நடுவில் நான் தபால்காரன்.

கையொப்பமிடும்போது எமில்டா அன்ரி கைப்பையைக் கிளறினார். கண்ணாடியைக் காணவில்லை. பேனை படிவத்தைத் தாண்டி மேசைக்குப் போனது. டொரின் அன்ரி தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இத அங்கால குடு. குருட்டுக் கோழி."

தங்கைக்கு ரோசம் பொங்கிவிட்டது. நேரே அக்காவைப் பார்த்து அவர்களுடைய பறங்கிப் பாஷையில் ஏசினார். அக்கா எழும்பி நின்று பதிலுக்கு ஏசினார். வங்கியில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துக் காவலாளி தொப்பியைக் கழற்றினார்.

களைத்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் நிம்மதி. ஆனாலும் கணக்கை மூடிவிட்டுத்தான் போனார்கள்.

பின்னேரம் எதிரே உள்ள அந்த வங்கியில் இருக்கும் என் நண்பன் போன் எடுத்தான். "டேய், ஆரடா இவங்க? ஒரு கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டுக் கூட்டுக் கணக்குத் திறந்திருக்காங்க. ரெண்டு கையொப்பமும் கட்டாயம் வேணுமாம்!"

கணக்கை மூட வருகிறவரிடம் வட்டி வீதத்தைப் பேசாதீர்கள், யாரோடு கோபம் என்று கேளுங்கள் என்று வங்கிக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. பிறகு மீன் சந்தையில் டொரின் அன்ரியைக் கண்டபோது விஷயத்தைக் கேட்டேன்.

"ஏன் அன்ரி, திரும்பச் சேர்ந்துதான் திறக்கிறதெண்டா எங்கட பேங்கை விட்டுப் போவானேன்?"

"போறன் எண்டு சொல்லிப்போட்டன், ரோசம் விடுமா மனே? அவளை விடேலாது. எங்கட பாஷையில என்னை ஏச வேற ஆர் இருக்கா?"