கம்ப்ரசரை வெட்டும் கடை

இன்று காலை ஆரணியில் பழைய இரும்புக் கடையைத் தாண்டும்போது, கடைக்காரர் கேஸ் கட்டரால் ஒரு ஏசி கம்ப்ரசரை வெட்டத் தொடங்கியிருந்தார்.

“அண்ணே, நிறுத்துங்க. உள்ள கேஸ் மிச்சமிருந்தா தீ பட்டு விஷமாயிடும். மெக்கானிக்க வச்சு மொதல்ல அத சிலிண்டர்ல எடுக்கணும். சட்டமும் அதான்.”

“இருபது வருஷமா வெட்டிகினு இருக்கேன்மா. பேஜார் பண்ணாதீங்க. நீங்க டீச்சரா?”

“எங்கப்பா ஏசி மெக்கானிக். அவரும் இப்படித்தான் வெட்டினாரு.”

அது எண்பதுகளில். ஒரு பட்டுக் கடையின் பழைய கம்ப்ரசர். மாலையில் இருமிக்கொண்டே வந்தவர், “புகைதாம்மா, ஒண்ணுமில்ல” என்று சொல்லிப் படுத்தார். விடியும்போது மூச்சு இல்லை.

அந்தப் புகையில் பாஸ்ஜீன் என்னும் விஷவாயு இருந்திருக்கும் என்பது, எம்.எஸ்ஸி. வகுப்பில் பேராசிரியர் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதியபோதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரையும் போல நானும் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

“சரிம்மா, நிறுத்திட்டேன். நீங்க போங்க” என்று கடைக்காரர் தீயை அணைத்தார்.

தெருமுனையில் திரும்பும்போது கட்டர் மறுபடி பற்றும் சத்தம் கேட்டது. திரும்பிப் போக எனக்குத் தெம்பில்லை.

ஆரணியில் சட்டம் தெருமுனை வரை செல்லுபடியாகிறது. உங்கள் ஊரில் எதுவரை?