வெள்ளைப் பூ சொன்ன லேப்டாப்

மகளுக்குக் கேம் விளையாடுகிற லேப்டாப் வாங்கப் போகிறோம் என்று தெரிந்த அன்றே என் அக்காவின் புருஷர், அத்திம்பேர், வந்துவிட்டார். கரமனையில் எங்கள் தெருவில் யார் எது வாங்கினாலும் அத்திம்பேரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்காவிட்டாலும் வந்து சொல்லுவார். கம்ப்யூட்டரில் அவருக்கு இருந்த ஞானம், ஆபீசில் சாயங்காலம் அதற்கு உறை போட்டு மூடிவிட்டு வருவதுதான். நானும் பத்தாவது தாண்டாதவன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். அவருக்கு அந்த வழக்கம் கிடையாது.

கையில் இருந்தது மாசாமாசம் சிட்டி கட்டிப் பிடித்த சீட்டுப் பணம். ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பானதை வாங்கிவிட்டால் மகள் காலேஜ் முடிக்கிறவரை அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். படிக்கத்தான் என்று பொய் சொல்லாமல், படிப்புக்கும் ஆகும், ஆனால் விளையாடத்தான் முக்கியமாக வேண்டும் என்று கேட்டவள் அவள். அந்த நேர்மைக்காகவே நல்லதாக வாங்கித் தர நினைத்தேன். தனியாக கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும் என்றாள். அது எதற்கு என்று கேட்டேன்.

"அது இல்லேன்னா ஒரே ஆள் சமைச்சு, பரிமாறி, எச்சில் இலையும் எடுக்கற மாதிரி ஆயிடும்பா. பாதிப் பந்தியில நின்னுடுவான்."

எனக்கு அது போதும். புரிந்துவிட்டது.

அத்திம்பேர் எங்களைப் பழவங்காடியில் தமக்கு வேண்டப்பட்டவர் கடைக்கு அழைத்துப் போனார். கண்ணாடி மாதிரி மின்னுகிற மூடி போட்ட ஒன்றை அங்கே எடுத்து வைத்தார்கள். மெலிசு. பை இலவசம். கடைக்காரன் திரையில் மீன்களை நீந்தவிட்டான். அத்திம்பேர் அந்த மீன்களைப் பார்த்து உருகிவிட்டார். "கண்டியா, எப்படி வழுக்கிண்டு ஓடறது" என்றார். மகள் தன் கேம் சிடியைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். கடைக்காரன் அதெல்லாம் பாடில்லை, போட விடமாட்டோம் என்றான். கார்டு உண்டா என்றதற்கு, இதற்கு அதன் ஆவசியமே இல்லை என்றான். மீனுக்கு ஆவசியம் இல்லைதான்.

வேறொரு கடையில் அதே விலைக்குத் தடிமனாக, கறுப்பாக, அம்மிக்கல் கனத்தில் ஒன்று இருந்தது. அதில் கார்டு உண்டு. சிடியைப் போடவும் விட்டார்கள். அதில் ஓடிய கார் ஒரு இடத்திலும் விக்கி நிற்கவில்லை. அத்திம்பேர் வாசலிலேயே நின்று, இதைத் தூக்க ஒரு சுமட்டுக்காரனையும் சேர்த்து வாங்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை. ஸ்வாமியையே கேட்டுவிடலாம் என்றார். பூ கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் உண்டு. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் பார்த்திருக்கிறோம். மனுஷனுக்குக் கைவிட்டுப் போன விஷயத்தை அங்கே வைப்போம். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்தால் தெரிகிற விஷயத்துக்குப் பிள்ளையாரைக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அக்காவும் என் மனைவியும் சரி என்றார்கள். வெள்ளை வந்தால் மின்னுகிறது, சிவப்பு வந்தால் கறுப்பு. வாழையிலைத் துண்டில் பொதிந்து நாரால் கட்டியது அத்திம்பேர். மனைவி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை நந்தியாவட்டை. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்திம்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பூஜைக்கு முன் பழைய பூவைக் கழித்தேன். ஸ்வாமி முன்னால் வைத்ததைக் குப்பையில் போட மாட்டேன். நாரைப் பிரித்துப் பூவைச் செடி மூட்டில், மண்ணில் போடுவேன். எடுக்காத பொட்டலம் அங்கேயே கிடந்தது. பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

கடைக்குக் கூட்டிப் போக அத்திம்பேர் குளித்துத் திருநீறு இட்டு வந்து சேர்ந்தார். இரண்டு பூவையும் காட்டி, சிவப்பு எங்கே என்று கேட்டேன்.

"செத்திப்பூ கிட்டலைடா. அதனால என்ன? ஸ்வாமியும் இதைத்தான் சொல்லியிருப்பார்."

எங்கள் வாசலில் செத்தி இலை தெரியாமல் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. அதை உரசிக்கொண்டுதான் அவர் உள்ளே வந்திருந்தார்.

"அவர் சொல்லப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரியும்னா, அவரை எதுக்கு அத்திம்பேரே சிரமப்படுத்தினேள்?" என்றேன்.

காபி வேண்டாம் என்று போய்விட்டார். காபியை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நானும் மகளும் போய்க் கறுப்பை வாங்கினோம். வரும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் உடைத்தேன். ஒன்று புதுச் சாமானுக்கு. மற்றது, ஒரு கடைக்காரனின் வியாபாரத்துக்கு எங்கள் வீட்டில் வைத்து அவரைச் சாட்சியாக நிறுத்தியதற்கு.

சந்தனம் இட மகள் மூடியின் நடுவை மட்டும் விட்டுத் தந்தாள். காற்றுப் போகிற துவாரத்தில் பட்டால் கெட்டுவிடுமாம். பிறகு காரை ஓட்ட உட்கார்ந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அத்திம்பேர் அக்காவோடு ஒன்றுமே நடக்காததுபோல வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் வாசலில் போய் ஒரு கொத்துச் செத்தியைப் பறித்து லேப்டாப்பின் மேல் வைத்தேன்.