சில்க்போர்க்கின் மூலைத் தையல்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோபன்ஹேகனில் ரயில் ஏறினேன். டிக்கெட் முந்நூற்று நாற்பது குரோனர். ரூபாயில் எவ்வளவு என்று ஒன்பதால் பெருக்கிப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஸ்கான்டர்போர்க்கில் வண்டி மாறி, மதியத்துக்குமேல் சில்க்போர்க் போய்ச் சேர்ந்தேன். ஏரிக்கரையில் அமைந்த அமைதியான ஊர். ஜூன் மாதம், நல்ல கோடை என்றார்கள். நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

அந்நிய முதலீடு வருகிறது என்றால் நம் ஊரில் பந்தல் போட்டு ரிப்பன் வெட்டுவார்கள். அது எந்த ஊரைவிட்டுக் கிளம்பி வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் வந்திருந்தது அப்படிப்பட்ட ஓர் ஊருக்கு. இங்குள்ள தோல் சோபாத் தொழிற்சாலையின் முதலாளி லித்துவேனியாவில் புதிய ஆலை கட்டியிருந்தார். சோவியத் ஆட்சி போனபின் அந்த நாடு வெளிநாட்டு முதலாளிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது, கூலியும் குறைவு. தையல் பிரிவு முழுவதும் அங்கே போகிறது. ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுக் கணினியில் ஏற்றத்தான் எங்கள் மென்பொருள் கம்பெனி என்னைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தது.

திங்கள் காலை ஏழு மணி. மேலாளர் தானே காபி ஊற்றிக் கொடுத்து, என்னைக் கடைசி மேசைக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு தமிழ்ப் பெண்மணியைக் கண்டு திகைத்தேன். பெயர் எஸ்தர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், இருபது வருடமாக இங்கே சோபா இருக்கைகளுக்கு மூலைத் தையல் போடுகிறார். பக்கத்தில் டைவா என்ற லித்துவேனியப் பெண், இரண்டு மாதத்துக்கு முன் வேலை பழக வந்தவள். எஸ்தர் அக்காவின் வேலைதான் அவளுக்குப் போகப்போகிறது.

“ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா அக்கா?” என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன். வன்னியில் போர் முடிந்து மூன்றே வாரம். கேட்ட பிறகுதான் உறைத்தது.

“தங்கச்சி வவுனியா முகாமில இருக்கிறாளாம் தம்பி. லிஸ்ட்டில பெயர் வந்திருக்கு. இன்னும் கதைக்கக் கிடைக்கேல்லை” என்றார். தலை நிமிரவில்லை. நான் நோட்டைத் திறந்து தேதியைக் குறித்தேன்.

செவ்வாய் மதியச் சாப்பாட்டில் மேலாளர் விஷயத்தை உடைத்தார். டைவா தைக்கும் இருக்கைகள் சோதனை இயந்திரம் அழுத்த அழுத்த மூலையில் தொய்ந்துபோகின்றன. வியாழனுக்குள் சரியாகாவிட்டால் மூலைத் தையல் மட்டும் சில்க்போர்க்கிலேயே இருக்கும். அதாவது அக்கா உட்பட நான்கு பேரின் வேலை பிழைக்கும். இதை அவர் எஸ்தர் அக்காவை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். இந்த நாட்டில் ஒளிவுமறைவு கிடையாது. அக்கா கறுப்பு ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

என் படிவம் கேட்டது ஒரே ஓர் எண்: மூலையில் தோலை எத்தனை மில்லிமீட்டர் உள்ளே பிடிக்க வேண்டும்? “எட்டு” என்றார் அக்கா. புதன்கிழமை அவர் இல்லாத நேரத்தில் நானே அளந்து பார்த்தேன். சிலவற்றில் எட்டு, சிலவற்றில் பத்து, ஒன்றில் பதினொன்று.

“அக்கா, இதுல பத்து இருக்கே?”

“கண் மங்கிப்போச்சு தம்பி. எட்டெண்டே எழுதுங்கோ.”

கண் மங்கியவரால் அவ்வளவு நேர்த்தியாகத் தைக்க முடியாது. வேண்டுமென்றே மறைக்கிறார் என்று புரிந்தது. நான்கு பேருடைய பிழைப்பு. யாராயிருந்தாலும் மறைக்கத்தான் செய்வார்கள். எட்டு என்றே எழுதினேன்.

வியாழன் காலை இடைவேளையில் எல்லாரும் உணவறைக்குப் போயிருந்தார்கள். மறந்துவிட்ட நோட்டை எடுக்கத் திரும்பினேன். கடைசி மேசையில் அக்கா, டைவாவின் கட்டைவிரலைப் பிடித்துத் தோலில் வைத்து இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கும் விளங்கியது: மாட்டின் முதுகுத் தோல் அசையாது. வயிற்றுத் தோல் நெகிழும். நெகிழ்வதைக் கூடுதலாக உள்ளே பிடிக்க வேண்டும். எவ்வளவு என்பது விரலுக்குத்தான் தெரியும். இருவரிடமும் இருந்தது அரைகுறை டேனிஷ், அதைக்கூட அவர்கள் பேசவில்லை. டைவா தைத்தாள், அக்கா பிரித்தார். மறுபடி தைத்தாள். மூன்றாவது முறை அக்கா பிரிக்கவில்லை.

மூன்று மணிக்குச் சோதனை முடிந்தது. இருக்கை தேறிவிட்டது. மேலாளர் எல்லாருக்கும் கை கொடுத்தார், எஸ்தர் அக்காவுக்கும்.

நாலே கால் மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பிடித்தேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. “உங்க வேலை போயிடுச்சே அக்கா! ஏன் சொல்லிக் கொடுத்தீங்க?”

“ஊரில எல்லாம் முடிஞ்சுதெண்டு செய்தி வந்த அண்டைக்கு நான் இந்த மேசையில சும்மா இருந்தனான் தம்பி. கை ஓடேல்லை. டைவா ஒண்டும் கேக்கேல்லை. என்ர வேலையையும் தன்ர வேலையோட செய்து, என்ர பெயரில வைச்சிட்டுப் போனவள். அவளும் ரெண்டு பிள்ளையை விட்டிட்டு வந்தவள்தானே.”

“மத்த மூணு பேரு?”

“அவையளிட்டையும் சொல்லிப்போட்டுத்தான் செய்தனான். ஒராள் இன்னும் என்னோட கதைக்கிறேல்லை. அது நியாயம்தான்.”

“அப்போ எனக்கு மட்டும் ஏன் எட்டு?”

அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். “கொஞ்சக் காலத்தில லித்துவேனியாவிலையும் கூலி கூடும். பிறகு வேறை நாடு தேடுவினம். உங்களை மாதிரி ஒரு தம்பி பெட்டியோட அவளிட்டையும் போவார். அண்டைக்கு அவளிட்டக் கேக்காமல் கொண்டுபோக ஏலாத சாமான் ஒண்டாவது அவளின்ர கையில இருக்கவேணும்.”

பேருந்து வந்தது. “போட்டு வாறன் தம்பி” என்று ஏறிக்கொண்டார்.

வெள்ளி காலை ரயிலில் உட்கார்ந்திருந்தபோது சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எல்லா எண்களும் சரிபார்க்கப்பட்டனவா? ஆம் என்று பதில் போட்டேன். சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதிய பொய். வருத்தம் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஊர்கள் ஓடின. சென்னையில் எங்கள் நான்காவது மாடி அலுவலகத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே நாங்கள் செய்யும் வேலை முழுவதும் எங்கிருந்தோ வந்ததுதான். அங்கிருந்தும் அது ஒருநாள் கிளம்பும், என் மேசைக்கும் ஒருவன் வருவான். அவனிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது? கடல் பாலம் தாண்டும்வரை யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நான் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டேன்.