பூஞ்சணம் துடைத்த சனிக்கிழமை

2004 ஜூன் 12, சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. எங்கள் ஊர் தெரணியகலையில் நான்கு நாளாக விடாத மழை. பின்தாழ்வாரத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மகளின் ரப்பர் கீற்றுகள் கண்ணில் பட்டன. ஆறிலும் வெள்ளையாகப் பூஞ்சணம்.

மகள் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல், இறுதி ஆண்டு. விடுமுறைக்கு வந்தவள் புகையில் உலர்த்தாத ரப்பர் ஷீட் ஒன்றை ஆறு கீற்றாக வெட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் மணல் போத்தல் கட்டி, பின்னால் அளவுநாடா ஒட்டியிருந்தாள். ஒரே பாரத்தில் ரப்பர் நாளுக்கு நாள் எவ்வளவு நீள்கிறது என்பதே அவளுடைய ஆய்வு. இருபத்தெட்டு நாள் அளக்க வேண்டும், பத்தொன்பது முடிந்திருந்தது. விரிவுரையாளரைப் பார்க்க முந்தின நாள் புறப்பட்டபோது, "பத்திரமா பாத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொண்டேன். ரப்பர் ஃபக்டரியில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். பூஞ்சணம் பிடித்த ஷீட் தரம் இறங்கும், தோட்டத்துத் துரையிடம் ஏச்சு விழும். கை தானாகவே போனது. ஆறையும் கழற்றி, தேங்காய்த் தும்பால் தேய்த்து, துணியால் துடைத்து, மதியம்வரை அடுப்புப் புகையில் காயவிட்டேன். பிறகு அந்தந்தப் போத்தலை அந்தந்தக் கீற்றிலேயே கட்டினேன். இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.

மாலையில் வந்தவள் குடையை மடக்குமுன்பே நாடாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீளம் ஏன் கொறஞ்சிருக்கு?"

"பூஞ்சணம்மா. கழட்டித் தொடச்சு, கொஞ்சம் பொக காட்டி மாட்டிட்டேன்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி சிரித்தாள். "பென்ஷன் ஆகி ஆறு வருஷம்! மனுஷன் இன்னும் ஷீட் கழுவுறாரு!"

மகள் சிரிக்கவில்லை. "பாரத்த எடுத்ததும் எவ்வளவு சுருங்கிச்சு? அளந்தீங்களா?"

"இல்ல... ஆறும் சரியா இருக்கும்மா. எண்ணித்தான் மாட்டுனேன்."

"அத அளந்திருந்தா அதையே ஆய்வுல ஒரு பகுதியா எழுதியிருப்பேன்ப்பா. பொக வேற காட்டிட்டீங்க. இனி இது வேற ரப்பர்."

அளவுநாடா என் மூக்குக்கு நேராகத்தான் தொங்கியிருந்தது. பஸ்ஸில் ஏறினால் வளைவுகளைக்கூட எண்ணுகிறவன், அளக்க வேண்டியதை விட்டுவிட்டுப் போத்தலை எண்ணியிருக்கிறேன்.

புதுக் கீற்றுகளோடு அவள் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கினாள், பல்கலைக்கழகத்திலேயே. தோழிகள் ஆய்வை முடித்து வீட்டுக்குப் போன பிறகும் ஒரு மாதம் தனியாகப் போர்டிங் அறையில் இருந்தாள். விரிவுரையாளரிடம் என்னைச் சொல்லாமல், கீற்றுகளைத் தான்தான் சரியாக வைக்கவில்லை என்று சொன்னாளாம். அதை என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

பணம் வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. நானாகத்தான் அனுப்பினேன்: போர்டிங், சாப்பாடு, பஸ், ஒரு ஷீட், எல்லாம் சேர்த்து நாலாயிரத்து நூற்று ஐம்பத்தொரு ரூபாய்.