கடைசிப் பெஞ்சின் இருமல்

பேயை நம்பாதவன் என்று ஊரில் பெயர் எடுத்தவன் பேய்க்குப் பயப்படுவது ரொம்பவும் சிரமமான காரியம். மற்றவர்களைப் போல அலறிக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் நுழைய முடியாது. எல்லாவற்றையும் தனியாகவே பயந்து முடிக்க வேண்டும்.

எங்களுடையது பௌத்தக் குடும்பம். தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்த தலைமுறையே தாயத்தையும் மந்திரித்த எலுமிச்சம்பழத்தையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டது. அந்தத் தெம்பில் ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து ஊர்ப் பேய்களைக் கிண்டல் செய்வது என் ஞாயிற்றுக்கிழமைத் தொழில். என்னிடம் அதிகமாக மாட்டிக்கொண்டவன் சர்ச் ரவுடி.

வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச் அது. தடித்த சுவர், உயரமான கூரை. ஏப்ரல் வெயிலிலும் உள்ளே ஜில்லென்று இருக்கும். ஒரு காலத்தில் சுரங்கத்திலிருந்து தங்கக் கல்லைத் திருடி வெளியே கடத்தும் கோஷ்டிகள் இரண்டு இருந்தனவாம். திருடிய கல்லை மணிக்கூண்டில்தான் ஒளித்து வைப்பார்களாம். அதில் ஒரு கோஷ்டியின் தலைவன் பூசைக்கு வந்தால் கத்தியை வாசல் வேப்பமரத்தில் சொருகிவிட்டு வெறுங்கையோடுதான் உள்ளே போவானாம். எதிர்க்கோஷ்டிக்கு அவ்வளவு பக்தி இல்லை. கடைசிப் பெஞ்சில் வைத்து அவன் கதையை முடித்துவிட்டார்கள். ரவுடியாவதற்கு முன்னால் அவனும் சுரங்கத்தில் பாறை உடைத்தவன்தான். கல் தூசி நெஞ்சில் ஏறி, ஓயாத இருமல். செத்த பிறகும் அந்த இருமல் நிற்கவில்லை. உச்சி வெயிலில் சர்ச் காலியாக இருக்கும்போது கடைசிப் பெஞ்சிலிருந்து இன்றைக்கும் கேட்கும் என்பதுதான் கதை.

"செத்து இத்தினி வருசமாவுது, இன்னும் இருமலா? மேல அத்தினி பேரு போயிக்கீறாங்க, ஒரு டாக்டர்கூடவா போவல?" என்பேன். டீக்கடை சிரிக்கும்.

எங்கள் ஊரைப் பற்றிச் சினிமா வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு வந்து, ரவுடிகள் இருந்த இடம் எது என்று கேட்கிறார்கள். நான்தான் சர்ச்சுக்கு வழி காட்டுவேன். வாசல் வரைக்கும். அதற்கு மேல் எனக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

இந்த நிலையில்தான் என் மகள், பெங்களூரில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் கிறிஸ்தவன். அவனுடைய அம்மா இதே ஊரில் பிறந்து, கல்யாணமாகிப் பெங்களூர் போனவர். கணவர் காலமாகிவிட்டார். நல்ல மனுஷி, பேய்க்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் மரியாதை கொடுப்பவர். கல்யாணம் அந்தப் பழைய சர்ச்சில் என்றதுமே, "வேணாண்ணா, அங்க ரத்தம் விழுந்துகீது. பெங்களூர்லயே ஒரு கோயில் பாத்துக்கலாம்" என்றார்.

என் மகள் விடவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள் எல்லாரும் இப்போது பென்ஷன் வாங்கும் கிழங்கள். வாசலில் இறங்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டும். ரயில் ஏறிப் பெங்களூர் போய்க் கல்யாணம் பார்ப்பது அவர்களால் ஆகாது. "அவங்க யாரும் இல்லாம எனக்கு இன்னா கல்யாணம் நைனா?" என்றாள். சம்மந்தியம்மா அரை மனதோடு தலையாட்டினார்.

சர்ச் கல்யாணத்தில் பெண்ணை அப்பன்தான் கைபிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போக வேண்டுமாம். அதற்கு ஒரு நடை இருக்கிறது. ஒரு அடி வைத்து, நின்று, அடுத்த அடி. வீட்டுக்குள் நடந்து காட்டினேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மாரிக்குப்பத்துல கெளம்பின ரயில ஓடிப் புடிக்கிற மாதிரியே கீது. அங்கயே போயி தனியா நடந்து பாரு நைனா. புது ஷூ போட்டுக்குனு போ."

தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவனுக்கு வேறு எந்த நடை வரும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் மத்தியானம். அது ரவுடியின் ஷிப்ட் என்பது ஞாபகம் இருந்தது. நம்பாதவனுக்கு மத்தியானமானால் என்ன, சாயங்காலமானால் என்ன?

உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. கடைசிப் பெஞ்சைப் பார்க்காமல் தாண்டினேன். வலது கையை மகள் பிடித்திருப்பதாக வைத்துக்கொண்டு பீடத்தைப் பார்த்து அடி எடுத்து வைத்தேன். நின்றேன். அடுத்த அடி. பரவாயில்லை, ராஜா மாதிரிதான் இருந்தது. பாதித் தூரம் போயிருப்பேன்.

பின்னாலிருந்து இருமல்.

அந்த இருமலை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். முதலில் தொண்டைக்குள் ஓர் உறுமல். பிறகு மேலேயிருந்து கல் சரிகிற மாதிரி நிற்காமல் ஒரு ஓட்டம். கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. என் அப்பா அப்படித்தான் இருமுவார். இந்த ஊரில் அடியில் இறங்கி வேலை பார்த்தவர்கள் பாதிப்பேர் அப்படித்தான். எந்தத் தெருவில் நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும். ஆனால் அந்த நிமிஷத்தில் அப்பா நினைவுக்கு வரவில்லை, தெரு நினைவுக்கு வரவில்லை. ஊரிலேயே இருமல் வந்த ஒரே ஆள் அந்த ரவுடிதான் என்று என் புத்தி தீர்மானமாகச் சொன்னது.

திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு வெள்ளைத் துணி மெதுவாக எழுந்து உட்கார்ந்தது.

புத்தரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் என் வாய் "யேசப்பா!" என்றது. அவருடைய இடம், அவருக்குத்தான் அங்கே அதிகாரம் என்று வாய்க்குத் தெரிந்திருக்கிறது. வாசல் அந்தத் துணிக்குப் பக்கத்தில் இருந்ததால் பெஞ்சுகள் மேல் ஏறித் தாண்டிப் பக்கக் கதவு வழியாக வெளியே விழுந்து ஓடினேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு காலில்தான் ஷூ இருந்தது. அதைக் கழற்றிப் பரணில் எறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல பேப்பர் படித்தேன்.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனால் கடையே ஒரு பெரியவரைச் சுற்றி நிற்கிறது. ரிட்டயரான சுரங்கத் தொழிலாளி. தகர வீட்டின் சூடு தாங்காமல், வெயில் நேரத்தில் சர்ச் பெஞ்சில் துண்டால் முகத்தை மூடிப் படுப்பது அவர் வழக்கமாம்.

"இருமல் வந்து எழுந்து குந்துனேம்பா. எதிர்ல ஒர்த்தன். யேசப்பான்னு ஒரே கத்து. பெஞ்சு மேலயே பறந்து போயிட்டான். நான் கண்டுக்குனேன், அவன்தான். வெட்டு வாங்கும்போது அப்படித்தான் கத்தியிருப்பான்."

"ஆளு எப்பிடிபா இருந்தான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆறடி இருப்பான்."

நான் அவ்வளவு உயரமில்லை. அந்தக் கலவரத்திலும் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீ இன்னாபா சொல்ற? நீதான் நம்ப மாட்டியே" என்றார். அன்றைக்கு எனக்கு டீயில் சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு கருத்து எதுவும் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ரவுடியின் கையில் கத்தி வந்துவிட்டது. கழுத்தில் தங்கச் சங்கிலியும் வந்தது. கதை வாட்ஸ்அப்பில் ஏறி, எனக்கு முன்னால் பெங்களூர் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையிலேயே சம்மந்தியம்மா போன் செய்தார்.

"மன்னிச்சிக்குங்கண்ணா. எனக்கு ஒரே புள்ள. அந்தக் கோயில்ல வேணாம். பெங்களூர்லயே வெச்சிக்கலாம்."

என் மகள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. பத்திரிகை வைக்க வேண்டிய லைன் வீடுகளுக்கென்று தனியாகக் கட்டி வைத்திருந்த கட்டைப் பிரித்து, மற்ற பத்திரிகைகளோடு சேர்த்து அடுக்கினாள்.

என் மனைவி பரணிலிருந்து ஒற்றை ஷூவோடு இறங்கி வந்தாள்.

"இன்னாயா இது? இன்னொண்ணு எங்க?"

சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு மகள் இருந்த பக்கம் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "டீக்கடையில உன் மானம் போவும். போவட்டும். போன் பண்ணு."

போன் செய்தேன். ஓடியது நான்தான் என்று சொன்னேன். சம்மந்தியம்மா மூக்கை உறிஞ்சினார்.

"பொண்ணுக்காவ இப்பிடி உங்க பேரையே கெடுத்துக்கிறீங்களேண்ணா! பேய நம்பாத மனுசன் நீங்க. ஊருக்கே தெரியும். நீங்களா ஓடுவீங்க?"

இத்தனை வருஷமாகப் பாடுபட்டுச் சேர்த்த பெயர், சமயம் பார்த்துக் கழுத்தைப் பிடித்தது. ஷூவைப் பற்றிச் சொன்னேன். சர்ச்சில் கிடந்தால் அது ரவுடி கழற்றிப் போட்ட ஷூவாக இருக்கும் என்றார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "அந்தப் பெரியவரே எதிர்ல நின்னு நீங்கதான்னு சொல்லட்டும். அப்ப நம்பறேன்."

அடுத்த ஞாயிறு மத்தியானம் சர்ச்சில் கூடினோம். சம்மந்தியம்மா ஜெபமாலையைப் பிடித்தபடி பக்கக் கதவுக்கு வெளியே, எந்த நேரமும் கிளம்பத் தயாராக நின்றார். பெரியவர் பெஞ்சடியில் கிடந்த என் ஷூவை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவனா? சேச்சே. அவன் வாட்டசாட்டமா இருந்தான்."

"மூஞ்ச பாத்தியா பெரியவரே?" என்றாள் என் மனைவி.

"மூஞ்சி எங்கமா பாத்தேன்? ஓட்டத்தத்தான் பாத்தேன்."

"அப்ப ஓடிக் காட்டச் சொல்றேன்" என்றாள்.

எல்லாரும் ஃபாதரைப் பார்த்தார்கள். இளவயதுக்காரர். சிரிப்பை அடக்க வேண்டிய பதவியில் இருந்ததால் கஷ்டப்பட்டார். "ஓடட்டும். பெஞ்சு மட்டும் ஜாக்கிரதை" என்றார்.

பெரியவர் போய்க் கடைசிப் பெஞ்சில் படுத்துத் துண்டைப் போர்த்திக்கொண்டார். நான் கையை வளைத்து, ஒரு அடி, நின்று, அடுத்த அடி என்று போனேன். என் மனசுக்குள் ஒரு நடிகன் தயாராக இருந்தான். இருமியதும் திரும்ப வேண்டும், "யேசப்பா" சொல்ல வேண்டும், கௌரவமாக ஓட வேண்டும்.

பெரியவர் இருமினார்.

உள்ளேயிருந்த நடிகன்தான் முதலில் ஓடினான். எனக்குத் தெரியும் அது பெரியவர் என்று. துண்டு அவருடையது, இருமல் அவருடையது, சுற்றிலும் என் சொந்தக் குடும்பம். கால்கள் எதையும் கேட்கவில்லை. பெஞ்சு மேல் ஏறி, பக்கக் கதவைத் தாண்டி, சம்மந்தியம்மாவை ஒரு சுற்று சுற்றி, கேட்டுக்கு வெளியே ரோட்டில்தான் போய் நின்றேன். ஒரு ஆட்டோக்காரர் பிரேக் போட்டுக் கன்னடத்தில் என் கண்பார்வையைப் பற்றி விசாரித்தார்.

உள்ளேயிருந்து பெரியவரின் கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. "அவனேதான்! அதே ஓட்டம்! டே, இவ்ளோ குள்ளமாடா நீ?"

மகள் கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்துச் சிரித்து அவளால் பேச முடியவில்லை. "நைனா, கல்யாணத்தன்னிக்கி உன் கைய நான் கெட்டியா புடிச்சிக்கிறேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவளுக்குப் பின்னால் சம்மந்தியம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெங்களூரில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

"இல்லக்கா. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல, எங்க சம்மந்திதான்... சத்தியமா, கண்ணால பாத்தேன்... கல்யாணம் இங்கயேதான், நீங்க எல்லாரும் வந்துடுங்க... கல்யாணத்தன்னிக்கும் ஓடிக் காட்டுவாரான்னா கேக்கற? இரு, கேட்டுப் பாக்கறேன்."